யார் கையில் மருந்துச் சீட்டு?

பாராசிட்டமால் சிரப் நம் மருந்துக் கடைகளில் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து, இன்னொன்றில் 250. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். காய்ச்சலுக்கு எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது மருத்துவர்கள் போடும் வழக்கமான கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம் வேண்டும். 120 புட்டியில் அது ஏழரை மில்லி. சனிக்கிழமை அம்மா வீட்டிலிருந்து அப்பா வீட்டுக்குக் கிளம்பும் குழந்தையோடு "சூடு இருந்தா ஏழரை மில்லி குடுங்க" என்ற சொல் மட்டும் போகிறது; புட்டி போவதில்லை. அங்கே அலமாரியில் இருப்பது 250. அதே ஏழரை மில்லி 375 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. கிளம்புவதற்கு முன்னாலேயே ஒரு வேளை கொடுத்தாயிற்று என்பதையும் யாரும் சொல்லாமல் விட்டால், நாலு மணி நேர இடைவெளியும் போயிற்று. இதில் யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பிரிந்த தாய் தகப்பனுக்கு இடையே குழந்தையின் வைத்தியம் பற்றித் தகராறு என்றால், அறுவைச் சிகிச்சை அறை வாசலில் இரண்டு பேர் கையெழுத்துக்கு மல்லுக்கட்டும் காட்சிதான் சினிமாவால் நமக்குப் பழகியிருக்கிறது. நீதிமன்றத்திலும் கேள்வி அப்படியே நிற்கிறது: அதிகாரம் யாருக்கு? ஆனால் குழந்தையின் உடம்பைப் பொறுத்தவரை ஒன்றுக்கொன்று வேறான மூன்று சங்கதிகள் இதில் கலந்துகிடக்கின்றன. எந்த வைத்தியம் என்று முடிவெடுப்பது ஒன்று. அதற்குப் பணமோ காப்பீடோ கொண்டுவருவது ஒன்று. நேற்று என்ன கொடுத்தார்கள், மருத்துவர் என்ன சொன்னார் என்று தெரிந்திருப்பது ஒன்று. முதல் இரண்டையும் இரு வீடும் பங்கு போட்டுக்கொள்ளலாம், ஒரே வீட்டுக்கும் கொடுத்துவிடலாம். மூன்றாவதை மட்டும் ஒரு வீட்டுக்குச் சொந்தமாக்கக் கூடாது என்பது என் கட்சி. நம் சட்டங்கள் முதலாவதைப் பற்றி நிறையப் பேசுகின்றன, இரண்டாவதைப் பற்றிப் போதுமான அளவு பேசுகின்றன, மூன்றாவதைப் பற்றி அநேகமாகப் பேசுவதே இல்லை.

எளாவூரை வைத்து இதைப் பார்க்கக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து வடக்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஒருங்கிணைந்த சோதனைச் சாவடியால் பெயர் தெரிந்த ஊர் இது. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். வடக்கே ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் தடா, ஆந்திரம். கூடூர் மார்க்கத்து ரயில் எல்லைக்கு இருபுறமும் கம்பெனிகளுக்கு ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போகிறது. தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் பகுதி. பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. ஆகவே ஒரு தம்பதி பிரிந்தால் குழந்தையின் இரண்டு வீடுகள் இரண்டு மாநிலங்களில் அமைந்துவிடுவது இங்கே அதிசயமில்லை. அப்பாவுக்கு ஷிப்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைகூட நிச்சயமில்லை. அம்மாவும் கம்பெனி பஸ் ஏறுகிறவளாக இருக்கலாம். குழந்தைக்கு மருந்து ஊற்றுவது பெரும்பாலும் ஆயாதான், அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும். கோர்ட்டில் நிற்பவர்கள் புருஷன் பெண்டாட்டி. சங்கோடும் பாலாடையோடும் மோதிக்கொள்வது இரண்டு ஆயாமார்.

இந்த இரட்டை வீட்டு வைத்தியம் பிரிவினையால் வந்த புது வழக்கமும் அல்ல. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் ஏற்பாட்டில், ஒவ்வொரு முதல் குழந்தையும் தன் முதல் மாதங்களில் இரண்டு வீட்டுப் பிள்ளைதான். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என வரிசையாக வரும் ஐந்து நோய்த் தடுப்பூசிகள் பெரும்பாலும் அம்மாவின் ஊர் துணை சுகாதார நிலையத்தில் தொடங்குகின்றன. அப்போது அம்மாவைப் பெற்றவள் சொல்வதே சட்டம். மாமியார் வந்து பார்த்து முணுமுணுத்துவிட்டுப் போவாள். ஐந்தாம் மாதமோ ஏழாம் மாதமோ குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும்போது தடுப்பூசி அட்டை பையில் கூடவே போகும், அதிகாரமும் கை மாறும். எழுதாத ஒப்பந்தம் அது. நன்றாகவே வேலை செய்தது. பிரிவு நேர்ந்ததும் கை மாறுதல் நின்றுபோகிறது. அட்டை ஒரு வீட்டில் தங்கிவிடுகிறது. முணுமுணுப்பு வழக்காகிறது.

எதற்குச் சண்டை வருகிறது

வீசிங்கில் தொடங்கலாம், ஏனென்றால் தவறான எண்ணம் இதில்தான் அதிகம். இழுப்பு வரும்போது மூச்சுக்குழலை விரிக்கும் நீல நிறப் பம்ப் ஒன்று. இழுப்பு வராமலிருக்கத் தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு பம்ப் இன்னொன்று. இரண்டாவதுதான் வைத்தியம், முதலாவது அவசரத்துக்கு. குழந்தை நன்றாக ஓடியாடும் நாளிலும் தினப் பம்பைக் கொடுக்க வேண்டும் என்பதை ஒரு வீடு ஏற்கும், மறு வீடு "நல்லா இருக்கற புள்ளைக்கு எதுக்கு? பழகிப்போயிடும்" என்று நிறுத்திவிடும். பம்ப் என்றாலே வீரியம் அதிகம், சிரப் என்றால் சாது என்று ஒரு நம்பிக்கை. கணக்கு நேர் எதிர். சால்பூட்டமால் பம்பில் ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்து சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம், அதாவது இருபது அழுத்தலுக்குச் சமம். பம்ப் மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் இத்தனை குறைவு போதுமாகிறது. இந்தக் கணக்கை ஆயாவுக்குப் பொறுமையாகச் சொன்னால் பாதிச் சண்டை அங்கேயே முடியும். சொல்வதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் பகையாளி வீட்டு மருமகளாக இருக்கக் கூடாது.

வலிப்பு இன்னும் கடினம். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரக்கூடும், அது உயிராபத்து. வாரத்தில் ஐந்து நாள் மாத்திரை, இரண்டு நாள் மந்திரித்த கயிறு என்றால், மருந்தே கொடுக்காததைவிட அது மோசமாகிவிடவும் கூடும். முதல் வகைச் சர்க்கரை நோயும் இப்படித்தான். அதில் உடம்பே இன்சுலினைச் சுரப்பதில்லை. ஊசிக்குப் பதிலாகக் கஷாயம் கொடுத்தால் ஓரிரு நாளில் ரத்தத்தில் அமிலம் ஏறிக் குழந்தை மயங்கிவிடும். இங்கே "இரு தரப்பு வாதம்" என்று ஒன்று கிடையாது. இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் சமரசம் பேசுகிற பெரியவர்கள் எல்லாவற்றையும் பாதிக்குப் பாதி பிரிக்கப் பார்ப்பார்கள். நகையைப் பிரிக்கலாம், இன்சுலினைப் பிரிக்க முடியாது.

நாட்டு வைத்தியத்தின் பெயரைச் சொன்னாலே எரிந்து விழுவதும் சரியில்லை. அம்மை போட்டால் வேப்பிலை, வசம்பைச் சுட்டுக் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பற்று, சளிக்கு ஓமவல்லி, திருஷ்டி கழிப்பது இவற்றால் யாருக்கும் பெரிய கேடில்லை; ஒரு வீட்டுக்கு மன நிறைவு. இதை வைத்து கஸ்டடி மனுவில் பக்கம் நிரப்பும் வழக்கறிஞர்களைப் பார்த்தால் அலுப்புத்தான் வருகிறது. தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரலை விடுவதும், மாந்தத்துக்குச் சூடு போடுவதும் வேறு விஷயம், அவை காயம். கோட்டை அங்கே போட வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆறாத சண்டை பேச்சு வராத குழந்தையைப் பற்றியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, கண்ணைப் பார்க்காத இரண்டு வயதுப் பிள்ளையை, கோளாறு எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பாள் ஒருத்தி. "அவங்கப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்பாள் இன்னொருத்தி. ஆட்டிசத்துக்கான முதற்கட்டக் கேள்விப் பட்டியல் 16 மாதம் முதல் 30 மாதத்துக்குள் பயன்படுத்துவதற்கென்று அமைந்தது; பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு பலன். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. ஆனால் இங்கே தகராறு வைத்தியத்தைப் பற்றியது அல்ல, நோய் இருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றியது. அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது: யார் பரம்பரையால் வந்தது? பிரிவு வழக்கு நடக்கும்போது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிப்பதை ஒரு தரப்பு குற்றப்பத்திரிகையாகவே பார்க்கிறது. மறு தரப்பு சில சமயம் அப்படித்தான் பயன்படுத்தவும் செய்கிறது. அட்டை இல்லாவிட்டால் உதவித்தொகையும் இல்லை, பயணச் சலுகையும் இல்லை. வழக்கு முடிவதற்குள் பிள்ளைக்கு ஐந்து வயதாகிவிடும்.

தடுப்பூசிச் சண்டை அலை அலையாக வருவது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒன்பது மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பள்ளிக்கு அனுப்பாமலே பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்ட பெற்றோர் பலர். அதே ஊசித் திட்டம் தில்லிக்குப் போனபோது, பெற்றோர் சம்மதமில்லாமல் பள்ளியில் போடக் கூடாது என்று 2019 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. பெற்றோர் இருவரில் ஒருவர் சம்மதித்து மற்றவர் மறுத்தால் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது

1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் தகப்பன், அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது வரை குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கியின் நிவாரணப் பத்திரம் வாங்கப் போய், தகப்பன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்ற பதிலைப் பெற்றார். அந்த வழக்கில் 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், "அவருக்குப் பின்" என்பதற்கு அவர் செத்த பிறகு என்று மட்டும் பொருளில்லை என்றது: தகப்பன் அக்கறையில்லாமல் இருந்தாலோ, பிள்ளை முழுக்கத் தாயின் பொறுப்பில் இருந்தாலோ, அவள் அப்போதே இயற்கைக் காப்பாளர்தான். பத்திரத்துக்காக வந்த தீர்ப்பு ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும். அது வந்து கால் நூற்றாண்டுக்கு மேலான பிறகும், சேர்க்கைப் படிவத்தில் "தகப்பனார் பெயர், கையொப்பம்" என்ற கோடு தாயைத் தடுத்து நிறுத்துகிறது. திருமணமாகாத தாய், தகப்பன் பெயரைச் சொல்லாமலே காப்பாளராகலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது.

குற்றவியல் சட்டத்தின் பார்வை இதைவிடத் தாராளமானது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆம் பிரிவு. 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, காப்பாளரோ சட்டப்படி அதைப் பொறுப்பில் வைத்திருக்கும் வேறு ஒருவரோ சம்மதித்து நல்லெண்ணத்தில் செய்த செயல் குற்றமாகாது. அந்த "வேறு ஒருவர்" ஆயாவாகவும் இருக்கலாம். ஒரு கையெழுத்து போதும் என்பதே இதன் சாரம். இரண்டு கையெழுத்து வேண்டும் என்று எந்தச் சட்டமும் பொதுவாகச் சொல்லவில்லை. அவசர நிலையில் அந்த ஒன்றும் தேவையில்லை. விபத்தில் அடிபட்டவரை எந்த மருத்துவரும் திருப்பியனுப்பக் கூடாது என்று 1989இலேயே பரமானந்த கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாலையில் லாரி ஓயாத எளாவூர்ப் பக்கத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

ஆக, சிகிச்சையைத் தொடங்க ஒருவர் சொல் போதும். தடுக்க? ஒருவர் வேண்டும் என்கிறார், மற்றவர் வேண்டாம் என்கிறார், அவசரமும் இல்லை. டான்சில் அறுவை, மாறுகண் திருத்தம், காது கேளாத குழந்தைக்குக் காக்ளியர் பொருத்துவது போன்ற, நாள் குறித்துச் செய்கிற சிகிச்சைகள் எல்லாம் இந்த வகை. இங்கே மருத்துவமனைகள் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கின்றன: "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க." அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் இதன் பலன் "வேண்டாம்" என்பவர் கையில் தடையாணை கொடுத்ததுபோல் ஆகிறது. காக்ளியருக்கு வயது முக்கியம். காத்திருந்தால் காது வழிப் பேச்சு கற்கும் பருவம் தாண்டிவிடும்.

இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு விவாகரத்து வழக்கில் குழந்தையின் கஸ்டடி, பராமரிப்பு, கல்வி மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உடல்நலம் அதில் இல்லை. பராமரிப்புக்குள் அடங்கும் என்று வாதிடலாம். எந்தப் பள்ளி என்பதற்குத் தனி வார்த்தை கொடுத்தவர்கள் எந்த வைத்தியர் என்பதற்குக் கொடுக்கவில்லை. அதைவிடப் பழைய, வெள்ளைக்காரன் காலத்து 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் மற்றும் காக்கப்படுவோர் சட்டம் இதில் தேவலை. அதன் 24ஆம் பிரிவு, காப்பாளர் குழந்தையின் பராமரிப்பு, உடல்நலம், கல்வி ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும் என்று உடல்நலத்தைப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. 43ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் சுவையானது: ஒரு குழந்தைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காப்பாளர்கள் இருந்து, அதன் நலன் பற்றிய ஒரு கேள்வியில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லையென்றால், அவர்களில் யாரும் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைக் கேட்கலாம். நீதிமன்றம் நியமித்த காப்பாளர்களுக்குத்தான் இது என்று சுருக்கிப் படிக்கலாம். ஆனால் அப்படிக் குறிப்பிடுவது முதல் உட்பிரிவுதான். இரண்டாவதில் அந்தச் சொற்கள் இல்லை. 4ஆம் பிரிவில் "காப்பாளர்" என்பதற்குத் தந்திருக்கும் விளக்கமும் குழந்தையைப் பொறுப்பில் வைத்திருப்பவரைத்தான் சொல்கிறது. பிரிந்த தாய் தகப்பனும் இதன்கீழ் ஒரு கேள்வியோடு போய் நிற்கலாம் என்றே எனக்குப் படுகிறது. கஸ்டடியை மொத்தமாகக் கிளறாமல் "டான்சில் எடுக்கலாமா" என்று மட்டும் கேட்க ஒரு வாசல்.

இப்படி ஒற்றைக் கேள்விக்கான வாசலை இங்கிலாந்து 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்திலேயே தனியாக வைத்துவிட்டது. அங்கே பெற்றோர் பொறுப்பு உள்ள ஒவ்வொருவரும் தனித்தே முடிவெடுக்கலாம்; ஆனால் சுன்னத்து, தடுப்பூசி போன்ற சிலவற்றில் ஒருவர் எதிர்த்தால் நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும் என்பது தீர்ப்புகளால் உருவான வழக்கம். 2003இல் இரண்டு குடும்பங்களின் வழக்கு ஒன்றாக மேல்முறையீட்டுக்கு வந்தது: பிரிந்திருந்த தகப்பன்மார் தடுப்பூசி வேண்டும் என்றனர், குழந்தைகளை வைத்திருந்த தாய்மார் வேண்டாம் என்றனர். போட வேண்டும் என்பதே முடிவு. 2013இல் 15, 11 வயதுச் சகோதரிகள் தாங்களே வேண்டாம் என்று சொன்ன வழக்கிலும் அதே முடிவு.

தமிழர் நெருக்கமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோவில் கொரோனா ஊசி பற்றிய வழக்கு ஒன்று பெரிய பேச்சானது. தகப்பன் ஊசி கேட்டார். தாய் இணையத்தில் திரட்டிய தாள்களைக் கட்டிக்கொண்டுவந்தார். 2022 பிப்ரவரியில் கீழ் நீதிமன்ற நீதிபதி தாய் பக்கம் சாய்ந்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. யாரோ எழுதி இணையத்தில் போட்டதெல்லாம் நிபுணர் சாட்சியம் ஆகாது. அரசு மருந்துத் துறை அனுமதித்த ஊசியின் பாதுகாப்பை ஒவ்வொரு குடும்ப வழக்கிலும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியதில்லை. நம் குடும்ப நீதிமன்றங்களுக்கு இது நேரடிப் பாடம், ஏனென்றால் வாட்ஸ்அப் அச்சுப் பிரதிகள் இங்கும் மனுவின் இணைப்பாக வந்துகொண்டிருக்கின்றன. நம்மிடம் அதைவிட நல்ல கருவியும் இருக்கிறது: 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. நீதிபதி தானே ஒரு மருத்துவ நிபுணரை உதவிக்கு அழைக்கலாம். இரு தரப்பும் ஆளுக்கொரு டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவருவதைக் காட்டிலும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஒரு மருத்துவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்.

அட்டை யார் பெயரில்

சட்டம் தாயைக் காப்பாளர் என்றாலும், பணம் தகப்பன் பெயரில் இருந்தால் வைத்தியம் அவர் வழியாகத்தான் நடக்கும். சிப்காட் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஈஎஸ்ஐ பெரிய வரம். 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு. சம்பளத்தில் பிடிப்பது 0.75 விழுக்காடு, கம்பெனி கட்டுவது 3.25. அவரைச் சார்ந்த குழந்தைக்கும் சிகிச்சை உண்டு, தாய் தகப்பன் பிரிந்தாலும் குழந்தை அவர் குழந்தைதான். ஆனால் கார்டு அவர் பையில். மருந்தகம் அவர் பதிந்த இடத்தில். பிரிந்து போன மனைவி கார்டு கேட்டு ஆள் அனுப்ப, "புள்ளைய அனுப்பு, நானே காட்டறேன்" என்று பதில் வரும். அதில் பாசமும் இருக்கலாம், பேரமும் இருக்கலாம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. குடும்பம் எது என்பதை ரேஷன் கார்டுதான் சொல்கிறது. பிள்ளை பெயர் எந்தக் கார்டில் இருக்கிறதோ அந்தக் குடும்பம். பெயர் நீக்கல் சான்று கொடுக்க மறுப்பது, கொடுக்காமல் இழுத்தடிப்பது என்ற சின்ன ஆயுதம் இங்கேதான் பெரிதாகிறது. அம்மா சூளூர்ப்பேட்டைக்காரி என்றால் இன்னொரு சிக்கல்: ஆந்திர அரசின் திட்டம் வேறு, கார்டு வேறு. காய்ச்சலுக்கு எந்தப் பக்கத்து டாக்டரையும் பார்க்கலாம். இருதயத் துளைக்கு அறுவை என்றால் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வழக்கை எங்கே போடுவது என்பதும் அப்படியே. 1890 சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி குழந்தை சாதாரணமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றம். வாரத்தில் பாதி நாள் எளாவூர், பாதி நாள் தடா என்றிருக்கும் பிள்ளைக்கு அதை முடிவு செய்யவே சில வாய்தா போகும்.

செலவைப் பற்றிச் சட்டத்தில் குழப்பமில்லை. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956இலேயே மருத்துவ உதவியை ஜீவனாம்சத்தின் பகுதியாகச் சொல்லிவிட்டது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ்–நேஹா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பிள்ளையின் மருத்துவச் செலவைக் கணக்கில் சேர்க்கச் சொன்னது. நடைமுறைத் தவறு வேறு: மாதத் தொகை ஒன்றை நிர்ணயித்து, அதற்குள் வைத்தியமும் அடக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். மாதா மாதம் இன்சுலினும் சோதனைப் பட்டையும் வாங்கும் வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. பில்லுக்குப் பாதி என்று தனி வரி எழுதினால், பில்லைக் காட்டுவதற்காகவாவது இரு வீடும் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தெரிந்துகொள்ளும் உரிமை

முடிவும் பணமும் ஒரு பக்கமே இருக்கட்டும். மறுபக்கத்துக்குக் குழந்தையின் மருந்துச் சீட்டைப் பார்க்க உரிமை உண்டா? 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிமுறைகள் நோயாளியோ அவர் சார்பில் அதிகாரம் பெற்ற துணையோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரச் சொல்கின்றன. குழந்தை நோயாளி என்றால் அந்தத் துணை யார் என்று சொல்லவில்லை. 2015 மே மாதம் வந்த சட்ட ஆணையத்தின் 257ஆவது அறிக்கை, இருவரும் சேர்ந்து வளர்க்கும் கூட்டுக் கஸ்டடியைப் பரிந்துரைத்தபோது, குழந்தை பற்றிய பதிவேடுகளைப் பெற்றோர் இருவரும் பார்க்க வழி வேண்டும் என்பதையும் வழிகாட்டுதலாகச் சேர்த்தது. அறிக்கை அறிக்கையாகவே இருக்கிறது. இதற்கிடையில் பதிவேடுகள் காகிதத்திலிருந்து கைப்பேசிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. தடுப்பூசிக்கு யூ-வின், சிகிச்சைக்கு ஆபா எண். எல்லாம் ஓடிபியில் திறக்கும். ஓடிபி ஒரு கைப்பேசிக்குத்தான் வரும். பழைய அட்டையையாவது ஜெராக்ஸ் எடுக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விட்டுவிட்டு இந்த உரிமையைப் பேசக் கூடாது. அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணுக்கு, பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை காட்டப்படுகிறது என்ற தகவல் அவள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, ஆபத்து என்று தோன்றினால் பார்க்க வருவதையே மறுக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. அங்கே நோயும் மருந்தும் மட்டும் தெரிந்தால் போதும். மருத்துவமனை பெயரும் தேதியும் மறைத்த தாள் போகலாம். நடுவில் ஒரு பாதுகாப்பு அலுவலரோ சட்டப் பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞரோ இருந்தால் முடியாத காரியமல்ல. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே அந்த இலவச உதவி உண்டு.

மற்ற குடும்பங்களில், சம்மத உத்தரவு எழுதும்போதே உடல்நலத்துக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கலாம். வழக்கமான குழந்தை மருத்துவர் ஒருவர். அவர் சொன்னதை இரு வீடும் மாற்றக் கூடாது, சந்தேகமிருந்தால் அவரிடமே கேட்க வேண்டும். அரசுப் பட்டியலிலுள்ள தடுப்பூசிகளுக்குத் தனிச் சம்மதம் வேண்டியதில்லை. ஒவ்வொரு மருந்துச் சீட்டும் அன்றே மறு வீட்டுக்குப் படமாகப் போக வேண்டும். அதில் வேறு பேச்சு எதுவும் சேர்க்கக் கூடாது. மருந்துகள் ஒரே டப்பாவில், குழந்தையோடு போய்வர வேண்டும். நாள் குறிக்கும் அறுவைக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு. எதிர்ப்பவர்தான் அந்த நாளுக்குள் நீதிமன்றம் போக வேண்டும், செய்ய விரும்புகிறவர் அல்ல. இந்தக் கடைசி வரி முக்கியமானது. இப்போது "வேண்டாம்" என்பவருக்குச் சும்மா இருந்தாலே வெற்றி. அது மாறும்.

குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1973இல், சென்னையிலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில். அதற்குப் பிறகு வந்த கஸ்டடித் தீர்ப்புகளில் அது திரும்பத் திரும்பக் காட்டப்படுகிறது. ஆனால் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளையின் சொந்தச் சொல்லுக்கு வைத்தியத்தில் என்ன மதிப்பு என்பதில் நாம் இன்னும் தெளியவில்லை. 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவு, விவரம் தெரிந்த வயதில் பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்கிறது, யாரைக் காப்பாளராக்குவது என்பதற்கு. இங்கிலாந்தில் 1985இலேயே, சிகிச்சையைப் புரிந்துகொள்ளும் அறிவு வந்த பிள்ளை தானே சம்மதிக்கலாம் என்று கில்லிக் வழக்கில் முடிவாயிற்று. இங்கே ஆஸ்பத்திரிகள் 18 வயது வரை பெரியவர் கையெழுத்தைத்தான் கேட்கின்றன. கும்மிடிப்பூண்டிக்குத் தனியாக ரயிலேறிப் பள்ளிக்குப் போய்வரும் பதினைந்து வயதுப் பெண், தன் பம்ப் எது, எப்போது இழுக்க வேண்டும் என்று இரு வீட்டு ஆயாக்களையும்விட நன்றாகவே தெரிந்துவைத்திருப்பாள். அவளைக் கேட்காமலே அவளுடைய ஆஸ்துமாவைப் பற்றி வாய்தா வாங்கிக்கொண்டிருப்பதற்குச் சட்டத்தில் தடையேதும் இல்லை, கேட்பதற்கும் இல்லை.